‘இன்னும்’ என்பது யெட்டா, ஸ்டில்லா?

எங்கள் விடுதியில் இரவு எட்டு மணிக்கு ஒரே கேள்வி மூன்று மொழிகளில் வரும். என் அறைத்தோழி “சாப்பிட்டாச்சா?” என்பாள். எதிர் அறை மலாய்த் தோழி “சுடா மாக்கான்?” என்பாள். மாடிப்படியில் எதிர்ப்படும் சீனத் தோழி “ஈட் ஆல்ரெடி?” என்பாள். பதிலும் அந்தந்த மொழியிலேயே போகும். “ஆச்சு”, “சுடா”, “ஆல்ரெடி”. யாருக்கும் குழப்பமில்லை. மூன்று மொழிகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கும் இடம் நம் நாட்டில் வேறு எங்காவது உண்டா என்பதே சந்தேகம்!

சிக்கல் மறுநாள் காலையில் வருகிறது. விரிவுரையாளரிடம் போய் “டாக்டர், ஐ சப்மிட் ஆல்ரெடி” என்கிறோம். அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் மூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் கட்டுரை எழுதும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே ‘ஆல்ரெடி’ நம் மதிப்பைக் குறைக்கிறது. நம்மில் பலர் இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். “நான் தமிழ்ப்பள்ளி, அதனால்தான் ஆங்கிலம் வரவில்லை” என்பார்கள். இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. நானும் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள்தான். ஆங்கிலத்தில் நாம் செய்யும் காலப் பிழைகளுக்குக் காரணம் நாம் தமிழ் படித்தது அன்று. படித்த தமிழை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்களே, அதுதான் காரணம். இதைச் சொல்லவே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது ஒரு மின்னஞ்சல். தொழிற்பயிற்சிக்காக ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். மூன்று வாரங்கள் கழிந்தன. எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று பணிவாக நினைவூட்ட நினைத்து, “ஐ ஸ்டில் டிட் நாட் கெட் யுவர் ரிப்ளை” என்று எழுதி அனுப்பினேன். அன்றே பதில் வந்தது. விண்ணப்பங்கள் நிறைய இருக்கின்றன, பொறுமையாக இருக்கவும் என்று ஒரே வரி. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. இடம் கிடைக்காததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மின்னஞ்சலை நம் கழகத்து முன்னாள் மாணவியான ஓர் அக்காவிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது இதுதான்.

“ஏன் தங்கச்சி, கோவமா எழுதுனியா?”

“இல்லக்கா, சும்மா ஞாபகப்படுத்தினேன்.”

“அப்புறம் ஏம்மா ‘ஸ்டில்’ போட்ட?”

எனக்குப் புரியவில்லை. ‘இன்னும்’ என்றால் ‘ஸ்டில்’ என்றுதான் நான் படித்திருந்தேன். ‘யெட்’ என்றாலும் ‘இன்னும்’ என்றே படித்திருந்தேன். இரண்டும் ஒன்றுதானே, எது வாய்க்கு வருகிறதோ அதைப் போட்டால் போயிற்று என்று இருபத்திரண்டு வயது வரை இருந்துவிட்டேன்.

அக்கா விளக்கிய பிறகுதான் தெரிந்தது. “ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் எ ரிப்ளை யெட்” என்றால், இதுவரை வரவில்லை, வரும் என்று காத்திருக்கிறேன் என்று பொருள். “ஐ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்ட் எ ரிப்ளை” என்றால், வர வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது, ஏன் தாமதம் என்ற சலிப்பும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு நான் ‘டிட் நாட்’ வேறு போட்டிருந்தேன். பணிவாக எழுதியதாக நான் நினைத்தது, வாசித்தவருக்கு மேசையைத் தட்டிக் கேட்டது போல் இருந்திருக்கும்.

அன்று இரவு படுக்கையில் கிடந்தபடி யோசித்தபோது ஒன்று உறைத்தது. இந்த வேறுபாடு தமிழில் இல்லாத ஒன்றா என்ன? “அவன் இன்னும் வரவில்லை” என்று சொல்கிறோம். “அவன் இன்னுமா வரவில்லை?” என்றும் சொல்கிறோம். முதலாவது செய்தி. இரண்டாவதில் ஓர் ‘ஆ’ சேர்ந்ததும் சலிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் அம்மா “இன்னும் குளிக்கல” என்று அப்பாவிடம் சொல்வதற்கும், கதவைத் தட்டி “இன்னுமா குளிக்கல?” என்று நம்மிடம் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தைகூட அறியும். வந்தது ‘யெட்’டா ‘ஸ்டில்’லா என்று அந்தக் குழந்தையின் முதுகுக்கே தெரியும். எனக்கு ஆங்கிலம் கற்பித்த எந்த ஆசிரியராவது, “பிள்ளைகளே, மறுத்துச் சொல்லும்போது, சாதாரண ‘இன்னும்’ வந்தால் யெட், ‘இன்னுமா’ என்று கேட்கத் தோன்றினால் ஸ்டில்” என்று ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் போதும்.

மறுப்பு இல்லாத வாக்கியமாக இருந்தால் வேலை இன்னும் எளிது. “பாட்டி இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்” என்பதற்கு ஸ்டில் மட்டுமே வரும், யெட் வராது. இங்கே மலாய்மொழியும் நமக்குக் கைகொடுக்கிறது. ‘பெலும்’ என்று சொல்லும் இடத்தில் ‘நாட் யெட்’, ‘மாசே’ என்று சொல்லும் இடத்தில் ‘ஸ்டில்’. தமிழில் ஒரே சொல்லாக இருப்பது மலாயில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மூன்று மொழிகள் தெரிந்த நாம், ஒரு மொழி மட்டும் தெரிந்தவனைவிட இதை விரைவாகப் பிடித்திருக்க வேண்டாமா? “இன்னும் இரண்டு தோசை” என்னும்போது வரும் ‘இன்னும்’ இந்தக் கணக்கில் சேராது. அது ‘மோர்’. அதில் நம்மவர் யாரும் தவறு செய்து நான் பார்த்ததில்லை.

ஆல்ரெடிக்கு வருவோம். இதைப் பற்றி அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ வழங்கும் முறை குறித்து, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ் ஜிமிங் 1995-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு செயல் முடிந்ததையோ புதிய நிலை தொடங்கியதையோ காட்டச் சீன மொழியில் வரும் ‘லெ’ என்னும் துகளின் வேலையை அங்கே ‘ஆல்ரெடி’ செய்கிறது என்பது அவர் விளக்கம். மலாயின் ‘சுடா’வும் அதே வேலையைத்தான் செய்கிறது. நம் வீட்டுக்குள் பார்த்தால் ‘சாப்பிட்டாச்சு’ என்பதில் உள்ள ‘ஆச்சு’, ‘வந்துவிட்டான்’ என்பதில் உள்ள ‘விடு’ ஆகியவையும் செயல் முடிந்ததைத்தான் காட்டுகின்றன. ஆக, மூன்று இனத்தாரும் தத்தம் தாய்மொழியில் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்த பழக்கத்தில், ஆங்கிலத்திலும் வாக்கியத்தின் கடைசியில் ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. கையில் கிடைத்தது ஆல்ரெடி.

ஆனால் ஆங்கிலத்தில் செயல் முடிந்ததைக் காட்டும் வேலையை வினைச்சொல்லே செய்துவிடுகிறது. “ஐ ஹேவ் ஈட்டன்” என்றாலே ‘சாப்பிட்டாச்சு’ தான். அங்கே ஆல்ரெடிக்கு வேலை இல்லை. ஆல்ரெடி வர வேண்டுமானால் கூடுதலாக ஒரு பொருள் வேண்டும். எதிர்பார்த்ததற்கு முன்பே நடந்துவிட்டது என்பதே அந்தப் பொருள். இதற்கும் தமிழில் சொல் இருக்கிறது. ஒன்று ‘ஏற்கெனவே’, மற்றொன்று ‘அதற்குள்’. “வேண்டாம் மாமி, ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன்” என்னும் இடத்தில் “ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்” சரி. விருந்தாளி எழுந்ததும் “அதற்குள் கிளம்பிவிட்டீர்களா?” என்று கேட்கும் இடத்தில் “ஆர் யூ லீவிங் ஆல்ரெடி?” சரி. வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். ‘ஏற்கெனவே’ அல்லது ‘அதற்குள்’ பொருந்தினால் ஆல்ரெடி வரட்டும். வெறும் ‘ஆச்சு’ மட்டும் வந்தால் ஹேவ் போதும். என் அறைத்தோழிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அவள் எழுத்தில் பாதி ஆல்ரெடிகள் உதிர்ந்துவிட்டன.

இங்கே ஒரு சொந்தக் கதை. ‘ஏற்கெனவே’ என்று எழுதுவதா, ‘ஏற்கனவே’ என்று எழுதுவதா என்று நம் கழகக் கூட்டம் ஒன்றில் அரை மணி நேரம் வாதிட்டோம். சூடு பறந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், வாதிட்டவர்களில் ஒருவர் கைத்தொலைபேசியில், “ஆல்ரெடி முடிஞ்சிருச்சுலா, வந்துகிட்டு இருக்கேன்” என்றார். ஆங்கிலத்தில் தேவையற்ற இடத்தில் ஆல்ரெடியை நுழைக்கிறோம். தமிழில் தேவையான இடத்தில் ஏற்கெனவேயைத் துரத்துகிறோம். இரண்டு மொழிக்கும் ஒரே நேரத்தில் துரோகம் செய்யும் திறமை நமக்கு எப்படித்தான் வாய்த்ததோ!

ஆல்ரெடியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அதற்கு முன்னால் வரும் வினைச்சொல். “ஐ ஈட் ஆல்ரெடி”, “ஷி கோ ஆல்ரெடி” என்னும்போது வினை மொட்டையாக நிற்கிறது. இது தமிழ் தந்த பழக்கம் அன்று. சாப்பிட்டான், சாப்பிடுகிறான், சாப்பிடுவான் என்று நம் தெரிநிலை வினைமுற்று காலத்தைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளிலேயே முக்காலங்களையும் எழுதிப் பழகியவர்கள் நாம். மலாயில் அப்படி இல்லை. ‘மாக்கான்’ எந்தக் காலத்திலும் ‘மாக்கான்’ தான். சுடா, பெலும், செடாங், ஆக்கான் என்று ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துக் காலத்தைக் காட்டுவார்கள். அது அம்மொழியின் அழகு, குறையன்று. ஆனால் பதின்மூன்று வயதில் தேசியப் பள்ளிக்குள் நுழைந்து, நாள் முழுதும் மலாயில் படித்து, மலாயில் பேசிப் பழகிய நாம், ஆங்கிலத்துக்கு வரும்போது தமிழின் பழக்கத்தை விட்டுவிட்டு மலாயின் பழக்கத்தைக் கொண்டுபோகிறோம். காலம் காட்டும் வினையைத் தாய்ப்பாலோடு குடித்த பிள்ளை, ஆங்கிலத்தில் ‘கோ ஆல்ரெடி’ என்கிறது. பழி மட்டும் தமிழ்ப்பள்ளிக்கு!

தமிழின் பக்கம் குற்றமே இல்லை என்றும் நான் வாதிடவில்லை. ‘வரவில்லை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வரவில்லை என்றாலும் வரவில்லை, இதுவரை வரவில்லை என்றாலும் வரவில்லை. ஆங்கிலம் இங்கே ‘டிட் நாட் கம்’, ‘ஹேஸ் நாட் கம்’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. என் மின்னஞ்சலில் ‘டிட் நாட்’ விழுந்தது இந்தக் குழியில்தான். அதேபோல் ‘முன்’. “இரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன்” என்றால், இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். அது ‘ஏகோ’. “தாத்தா இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்” என்றால், வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணுகிறோம். அது ‘பிஃபோர்’. எங்கிருந்து எண்ணுகிறோம் என்று கேட்டுக்கொண்டால் தீர்ந்தது. ‘முந்தி’ என்பதற்கு நாம் போடும் ‘லாஸ்ட் டைம்’ மலாயின் ‘டூலு’ போட்ட குட்டி. “லாஸ்ட் டைம் மை பேமிலி ஸ்டே இன் எஸ்டேட்” என்றால் வெளிநாட்டார், கடைசியாக ஒரே ஒரு முறை போய்த் தங்கிவிட்டு வந்ததாக நினைப்பார். ‘யூஸ்ட் டு’ என்று சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் செய்ததை மாலை ஐந்து மணிக்கு ‘ஜஸ்ட் நௌ’ என்பதும் அப்படித்தான். அது ‘தாடி’யின் மொழிபெயர்ப்பு. ஆங்கிலேயருக்கு ஜஸ்ட் நௌ என்பது சற்று முன்.

என்னை உண்மையாகவே கோபப்படுத்துவது ‘சின்ஸ்’ தான். “சின்ஸ் த்ரீ இயர்ஸ்” என்று சொல்லாத தமிழ் மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் “மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம்”, “2019-இலிருந்து இங்கே இருக்கிறோம்” என்பவற்றைத் தமிழில் யாராவது குழப்புகிறார்களா? “மூன்று ஆண்டுகளிலிருந்து இருக்கிறோம்” என்று யாராவது சொல்வார்களா? ‘ஆக’ வந்தால் கால அளவு, அது ‘ஃபார்’. ‘இலிருந்து’ வந்தால் தொடங்கிய புள்ளி, அது ‘சின்ஸ்’. மலாயிலும் ‘செலாமா’, ‘செஜாக்’ என்று இரண்டு உண்டு. இரண்டு மொழிகளில் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒன்றை மூன்றாவது மொழியில் பதினோரு ஆண்டுகள் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்றால், பிழை மாணவனிடம் மட்டும் இருக்க முடியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘இருக்கிறோம்’ என்று நிகழ்காலம் போடும் இடத்தில் ஆங்கிலம் ‘ஹேவ் பீன்’ கேட்கும். “வி ஆர் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்” என்று நிறுத்திவிடக் கூடாது.

நான் படித்த தொடக்கப்பள்ளியில் ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் பேசினால் இருபது சென் அபராதம். ஒரு டப்பா இருந்தது, ஆண்டு முடிவில் அந்தக் காசில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள். அந்த ஆசிரியரின் நோக்கம் நல்லதுதான், அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அபராதத்துக்கு அஞ்சி நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனை! “டீச்சர், இன்னும்னா எந்த இன்னும்?” என்று கேட்க எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் கேட்டால் இருபது சென். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகோ, கேள்வி கேட்க அபராதம் இல்லை. கேட்டாலும் தமிழ் தெரிந்த ஆங்கில ஆசிரியர் இல்லை. ஆக, இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடம் தமிழ்ப்பள்ளியாக இருந்தது. அங்கேதான் அது தடை செய்யப்பட்டிருந்தது.

நம் நாட்டில் இதைப் பற்றிய விவாதமெல்லாம் எவ்வளவு ஆங்கிலம் என்பதிலேயே சுற்றுகிறது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, தமிழ்ப்பள்ளிகளிலும் மாறின. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடுவதென அரசாங்கம் முடிவு செய்தது. கூட்டுவதா குறைப்பதா என்ற சண்டையில், எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி மூலையில் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தை எண்ணித்தான் நம் பெற்றோர் சிலர் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பத் தயங்குகிறார்கள் என்பது இதை வாசிக்கும் நமக்குத் தெரியாததன்று. அப்படித் தயங்கும் தந்தையிடம் “தமிழ் நம் உயிர்” என்று முழங்கிப் பயனில்லை. “ஐயா, ஃபாரையும் சின்ஸையும் தமிழ் வழியாகப் பத்து நிமிடத்தில் உங்கள் பிள்ளைக்கு விளங்க வைக்க முடியும்” என்று காட்டினால் அவர் கேட்பார்.

“புரிந்தால் போதாதா? மங்லீஷ் நம் அடையாளம் அல்லவா?” என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். மாமாக் கடையில் “டே ஓ ஆல்ரெடி ஆர்டர்லா” என்று சொல்பவரைத் திருத்தப் போகிறவள் நான் அல்லள். அங்கே அதுதான் சரியான மொழி. “டிட் யூ ஈட் ஆல்ரெடி?” என்று அமெரிக்கர்களே பேச்சில் சொல்வதுண்டு, நம் தேர்வுகளும் அலுவலகங்களும் எதிர்பார்ப்பது பிரிட்டிஷ் வழக்கு என்பதால்தான் அது இங்கே சிவப்பு மை வாங்குகிறது. ஆனால் இடத்துக்கேற்ப மாற்றிப் பேசத் தெரிந்தவனுக்குத்தான் மங்லீஷ் அடையாளம். மாற்றத் தெரியாதவனுக்கு அது வேலி. என் மின்னஞ்சலை வாசித்த அதிகாரிக்கு நான் சொன்னது புரியாமல் இல்லை. நான் சொல்லாத கோபமும் சேர்த்துப் புரிந்துவிட்டது, அவ்வளவே.

நம் கழகம் பள்ளி விடுமுறைகளில் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று முகாம் நடத்துகிறது. தன்முனைப்பு உரை, குழு விளையாட்டு, மதிய உணவு, படம் பிடித்தல் என்று நாள் நன்றாகவே கழிகிறது. அதில் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும். தடித்த அட்டையில் மூன்று பத்திகள் வரைந்து வைத்திருக்கிறேன். தமிழ், மலாய், ஆங்கிலம். முதல் வரியில் இன்னும், இன்னுமா. அடுத்து ஆச்சு, ஏற்கெனவே, அதற்குள். அதன் கீழ் ஆக, இலிருந்து. பிள்ளைகள் தமிழில் கேள்வி கேட்கலாம், அபராதம் கிடையாது. அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் விடுமுறைக்கு முன் கழக அறையில் என்னைப் பார்க்கலாம்.